1660 சூப்பரா, 1660 டிஐயா? கார்ட்களின் கடதாசி வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை டவுனில் கணினி பூட்டிக் கொடுப்பதும் திருத்துவதும் என் வேலை. மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாமாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கையில் போன் இருக்கும். போனில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டை அருகருகே வைத்து ஒப்பிடுகிற அட்டவணை இருக்கும். பெரும்பாலும் அந்த இரண்டும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும் ஜிடிஎக்ஸ் 1660 டிஐயுமாக இருக்கும். இரண்டும் 2019இல் வந்தவை, இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன.

அதனால் இந்த இரண்டையும் வைத்தே எழுதுகிறேன். வழி விளங்கினால் வேறு எந்த இரண்டு கார்டையும் நீங்களே கணக்குப் பார்க்கலாம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, தியரெட்டிக்கல் பெர்ஃபோமன்ஸ் எண்டு போட்டிருக்கு. அது உண்மையான ஸ்பீடா, இல்லாட்டி சும்மா கதையா?

கதை இல்லை, ஆனால் கடதாசி வேகம். கார்டை ஓடவிட்டு யாரும் அளந்து எடுத்த எண் அல்ல, பெருக்கி எடுத்த எண். சிப்புக்குள் இருக்கிற எல்லா அலகுகளும் ஒரு கணமும் சும்மா நிற்காமல் வேலை செய்தால் எவ்வளவு செய்யும் என்பதன் உச்சவரம்பு அது. பஸ்ஸின் மீட்டரில் 140 வரை கோடு போட்டிருக்கிறது என்பதற்காக இங்கிருந்து ஹபரணை வரை யாரும் 140இல் போவதில்லையே. கேம் ஓடும்போது கார்டும் அப்படித்தான்.

அப்படியென்றால் அந்த எண்ணால் என்ன பயன்? ஒரே குடும்பத்துச் சிப், அதாவது ஒரே தலைமுறை வடிவமைப்பு, உள்ள இரண்டு கார்டை ஒப்பிட அது நல்ல கருவி. குடும்பம் மாறினால் ஏமாற்றும். எங்கே ஏமாற்றும் என்பதுதான் கீழே பாதிக் கேள்விகள்.

டெராஃப்ளொப்ஸ் எண்டா என்ன? அதை நாங்களே கணக்குப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம், போனில் உள்ள கல்குலேட்டர் போதும். செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி தசமக் கணக்குச் செய்தால் அது ஒரு டெராஃப்ளொப்ஸ். கோர்களின் (சிப்புக்குள் கணக்குச் செய்யும் சிறு அலகுகள்) எண்ணிக்கையை பூஸ்ட் கிளொக்கால் (சிப் வேகம் கூட்டி ஓடும்போது செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பது) பெருக்கி, அதை இன்னொரு தரம் 2ஆல் பெருக்க வேண்டும். அந்த 2 ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே முடித்துவிடும், அதை இரண்டு கணக்காக எண்ணுவது வழக்கம்.

சூப்பரில் 1408 கோர், பூஸ்ட் 1785 மெகாஹேர்ட்ஸ். 1408 × 2 × 1785 என்று பெருக்கி, மெகாவை டெராவாக்கப் பத்து இலட்சத்தால் பிரித்தால் 5.03 டெராஃப்ளொப்ஸ் வரும். டிஐயில் 1536 கோர், 1770 மெகாஹேர்ட்ஸ். அதற்கு 5.44 வரும். டிஐக்கு 8 வீதம் கூட. போனில் உள்ள அட்டவணை இந்தப் பெருக்கலைத்தான் வண்ணப் பட்டை போட்டுக் காட்டுகிறது.

அப்ப டிஐதானே பெரிசு? இதில யோசிக்க என்ன இருக்கு?

அட்டவணையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். மெமரி அலைவரிசை என்று ஒரு வரி இருக்கும், மெமரியிலிருந்து சிப்புக்குச் செக்கனுக்கு எவ்வளவு தரவு வந்து சேரும் என்பது அது. இரண்டு கார்டிலும் 6 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி, இரண்டிலும் 192 பிட் அகலம். ஆனால் சூப்பரின் மெமரி 14 ஜிகாபிட் வேகத்தில் ஓடும், டிஐயினது 12. அகலத்தை வேகத்தால் பெருக்கி, பிட்டைப் பைட்டாக்க 8ஆல் பிரித்தால் சூப்பருக்குச் செக்கனுக்கு 336 ஜிபி, டிஐக்கு 288 ஜிபி. இங்கே சூப்பர் ஏறத்தாழ 17 வீதம் முன்னால்.

ஆக, ஒன்றுக்குக் கணக்குப் போடும் பலம் கூட, மற்றதற்குத் தரவு வந்து சேரும் வேகம் கூட. இரண்டும் சேர்ந்து கேமில் என்ன ஆகிறது என்றால், பெரும்பாலான கேம்களில் டிஐ ஒரு சில வீதம் முன்னால் நிற்கும். ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையில் போடாமல் பார்த்தால் எது எந்தக் கார்ட் என்று என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

சூப்பர் இல்லாத சும்மா 1660ம் அதே 5.03 டெராதானே காட்டுது. பிறகு ஏன் சூப்பருக்குக் கூடக் காசு குடுக்கவேணும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சும்மா 1660இலும் 1408 கோர், 1785 மெகாஹேர்ட்ஸ். டெராஃப்ளொப்ஸ் ஒரு புள்ளி கூட மாறாது. ஆனால் அதில் பழைய ஜிடிடிஆர்5 மெமரி, 8 ஜிகாபிட் வேகம். மேலே சொன்னபடி பெருக்கிப் பிரித்தால் செக்கனுக்கு 192 ஜிபி. சூப்பருக்கு 336. முக்கால் பங்கு கூடுதல்.

மீன் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சந்தை, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் மீன் வெட்டுகிறவர்கள், ஒரே கத்தி, ஒரே கைவேகம். ஒரு சந்தைக்கு மீன் ஆட்டோவில் வருகிறது, மற்றதற்குக் கூலர் லொறியில். ஆட்டோ வருகிற சந்தையில் வெட்டுகிறவர்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பார்கள். டெராஃப்ளொப்ஸ் என்பது வெட்டுகிறவர்களையும் அவர்களுடைய கைவேகத்தையும் மட்டும் எண்ணுகிற கணக்கு. மீன் வந்து சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை.

அதனால்தான் கடதாசியில் சமமாக இருந்தும் பல கேம்களில் சூப்பர் 10 வீதத்துக்கு மேல் முந்துகிறது. எல்லாக் கேமிலும் அப்படி இல்லை. பெரிய மீன் வந்து, ஒவ்வொன்றையும் வெட்டவே நேரம் எடுத்தால் லொறியால் பெரிய லாபம் இல்லை. கணக்கு அதிகமாகவும் தரவுப் போக்குவரத்து குறைவாகவும் உள்ள கேம்களில் இந்த இடைவெளி சுருங்கும்.

பிக்சல் ரேட், டெக்ஸ்ச்சர் ரேட் எண்டும் ரெண்டு இருக்கே. அதையும் பார்க்கவேணுமா?

பார்த்தால் குற்றமில்லை. திரையில் புள்ளியை எழுதும் அலகுகள் இரண்டு கார்டிலும் 48, கிளொக்கும் கிட்டத்தட்ட ஒன்று, எனவே பிக்சல் ரேட் செக்கனுக்கு 85 ஜிகாபிக்சல் பக்கம் சமமாக நிற்கும். டெக்ஸ்ச்சர் அலகு சூப்பரில் 88, டிஐயில் 96. செக்கனுக்கு 157, 170 ஜிகாடெக்செல் வரும். இதுவும் அதே 8 வீதம்தான், ஏனென்றால் கோரும் டெக்ஸ்ச்சர் அலகும் ஒரே கட்டாகத்தான் கூடும், குறையும். புதிதாக எதுவும் சொல்லாத எண்கள்.

பூஸ்ட் கிளொக் 1785 எண்டு இருக்கு, ஆனா என்ட கார்ட் 1900 காட்டுது. கார்ட் பழுதா?

இல்லை தம்பி, சந்தோஷப்படுங்கள். பெட்டியில் எழுதும் பூஸ்ட் என்பது கம்பனி கூச்சமில்லாமல் உறுதி சொல்லக்கூடிய எண். வெப்பமும் மின்சாரமும் இடங்கொடுத்தால் கார்ட் அதைத் தாண்டி ஓடும். 1900 பக்கம் போவது வழமை. 1408 × 2 × 1900 பெருக்கிப் பாருங்கள், 5.35 வரும். டிஐயின் கடதாசி எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். (டிஐயும் தன் எண்ணைத் தாண்டித்தான் ஓடும், அது வேறு.)

மறுபக்கமும் உண்டு. சூடு ஏற ஏறக் கார்ட் தானாகவே கிளொக்கைப் படிப்படியாக இறக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊரில் வெயில் 35 பாகையைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கேஸை நெருக்கி வைத்திருந்தால் 1900இல் ஓடிய கார்ட் 1800க்கு வந்துவிடும். அதுவே 5 வீதம். கூடக் காசு கொடுத்து டிஐ வாங்கி எடுத்த 8 வீதத்தில் பாதிக்கு மேல் அறைச் சூட்டிலேயே போய்விடும். கார்டுக்குச் செலவழிக்கிற காசில் கொஞ்சத்தை நல்ல கேஸ் ஃபேனுக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓசி மொடல் எண்டு கூட விலை சொல்லுறாங்கள். வாங்கலாமா?

கம்பனி பூஸ்டைச் சற்று உயர்த்தி அனுப்பிய கார்ட் அது. உதாரணமாக 1785க்குப் பதில் 1860 என்று வைத்தால் 4 வீதம் கூடுதல், அதுவும் கடதாசியில். சும்மா கார்டே 1900 தொடும் என்று மேலே பார்த்தோம். ஓசி என்ற எழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த மொடலில் ஃபேன் இரண்டாக, ஹீட்சிங்க் பெரிதாக இருந்தால் அதற்குக் கொடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 3070ல 20 டெரா, 2080 டிஐல 13 டெராதான். ஆனா யூடியூப்ல ரெண்டும் ஒரே மாதிரி ஓடுதே?

குடும்பம் மாறினால் ஏமாற்றும் என்று சொன்னேனே, அது இதுதான். 2080 டிஐ பழைய டியூரிங் குடும்பம்: 4352 கோர், 13.45 டெரா. 3070 அதற்கு அடுத்த ஆம்பியர்: 5888 கோர், 20.3 டெரா. பாதிக்கு மேல் கூடுதல் இருக்க வேண்டும், ஆனால் கேமில் இரண்டும் தோளோடு தோள்.

டியூரிங்கில் தசமக் கணக்குக்கு ஒரு கூட்டம், முழு எண் கணக்குக்கு வேறொரு கூட்டம். ஆம்பியரில் இரண்டாவது கூட்டத்துக்கும் தசமக் கணக்குப் பழக்கிவிட்டு, எல்லாரையும் சேர்த்துக் கோர் என்று எண்ணிவிட்டார்கள். கேமில் முழு எண் வேலையும் நிறைய வரும். அது வரும்போது அந்த இரண்டாவது கூட்டம் அங்கே போய்விடும், தசமக் கணக்குக்கு ஆள் குறையும். கடதாசிக் கணக்கோ எல்லாரும் எந்த நேரமும் தசமக் கணக்கே செய்வதாக எண்ணுகிறது. மெமரியிலும் 2080 டிஐக்கு 616 ஜிபி, 3070க்கு 448 ஜிபி. மீன் சந்தைக் கணக்கு இங்கேயும் செல்லும்.

அப்ப ஏஎம்டி கார்டோட என்விடியாவை ஒப்பிடவே ஏலாதா?

டெராஃப்ளொப்ஸை வைத்து ஏலாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600க்கு 8.9 டெரா, 224 ஜிபி அலைவரிசை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 12.7 டெரா, 360 ஜிபி. இரண்டு வரியிலும் 3060 வெகுதூரம் முன்னால். ஆனால் 1080பி திரையில், ரே டிரேசிங் (ஒளி, நிழல், பிரதிபலிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும் முறை) போடாமல் விளையாடினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஆம்பியரின் கோர் எண்ணும் முறை ஒரு காரணம், இப்போதுதான் சொன்னேன். இன்னொன்று, 6600இன் சிப்புக்குள்ளேயே 32 எம்பி கேஷ் என்ற வேகமான சிறு மெமரியை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கேயே இருப்பதால் லொறியை எதிர்பார்க்க வேண்டிய தேவை குறைகிறது. ரே டிரேசிங்கும் வீடியோ எடிட்டிங் வேலைகளும் வந்தால் 3060 பக்கம் சாய்வேன்.

ஒரே பேர், ஆனா ஒண்டு மலிவு. எப்பிடி?

நானே மாட்டியிருக்கிறேன். ஒருவருக்காகக் கொழும்பில் ஒரு கடையில் ஜிடி 1030 எடுத்தேன். விலை நல்லது என்று சந்தோஷமாக இரவு பஸ்ஸில் கொண்டுவந்து பூட்டினால், கேம் தள்ளாடுகிறது. பெட்டியின் மூலையில் டிடிஆர்4 என்று சிறிதாக எழுதியிருந்தது. ஜிடிடிஆர்5 உள்ள 1030க்கு 48 ஜிபி அலைவரிசை, டிடிஆர்4 உள்ளதற்கு 16.8. கடை சொல்லவில்லை, நான் பார்க்கவில்லை. டெராஃப்ளொப்ஸில் இரண்டுக்கும் 6 வீதம்தான் வித்தியாசம், கேமில் பாதிக்குப் பாதி.

இன்னும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் வேறு என்று நினைப்பீர்கள், கோரும் 1152, 1280 என்று வேறு. ஆர்எக்ஸ் 580இல் 2304 கோர் உள்ளதும் உண்டு, 2048 உள்ளதும் உண்டு. செகண்ட் ஹேண்ட் கார்ட் என்றால் காசைக் கொடுக்கும் முன் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பிட் அகலம் மூன்றையும் பாருங்கள். பழைய சிப்பில் புதுப் பெயர் எழுதிய போலிக் கார்டாக இருந்தால் பலவற்றை அது போலி என்றே காட்டிக்கொடுக்கும். விற்பவர் அதை ஓடவிட மாட்டேன் என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

என்ட போர்ட் பழசு. கார்ட் முழு வேகத்தில ஓடுமா?

போர்டுக்கும் கார்டுக்கும் இடையில் தரவு ஓடும் பாதைகளை லேன் என்பார்கள். 1660 குடும்பம் 16 லேனும் பயன்படுத்துவதால் பழைய போர்டிலும் பெரிதாக இழக்காது. கவனிக்க வேண்டியது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்ட்களை. அதற்கு 4 லேன்தான், கார்ட் சொருகும் இணைப்பு பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகையாக உள்ள போர்டில் போட்டால் கண்ணுக்குத் தெரியவே வேகம் குறையும். அதைவிட முக்கியம் சிபியூவும் மொனிட்டரும். சிபியூ நாலாம் தலைமுறை ஐ5, மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ் என்றால், சூப்பருக்கும் டிஐக்கும் இடைப்பட்ட 8 வீதம் உங்கள் கண்ணுக்கு வந்து சேரவே வழியில்லை.

டிஐ கரண்ட் கூட இழுக்குமா? பில் கூடுமா? யூபிஎஸ் தாங்குமா?

மாறி நினைக்கிறீர்கள். டிஐ 120 வோட்ஸ், சூப்பர் 125. அந்த 5 வோட்ஸ் வித்தியாசம், நாளுக்கு நான்கு மணித்தியாலம் முழுப் பாரத்தில் விளையாடினாலும் மாதத்துக்கு 0.6 யூனிட். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பதை நிறுத்தினால் அதை மிச்சம் பிடித்துவிடலாம்.

பவர் சப்ளை 450 வோட்ஸ் போதும் என்பது கம்பனிக் கணக்கு. அது நல்ல 450ஆக இருக்க வேண்டும். கேஸோடு இலவசமாக வருகிற, தூக்கினால் காற்றுப் போல் இருக்கிற 450 அல்ல. யூபிஎஸ் வாங்கும்போது விஏயையும் வோட்ஸையும் ஒன்றென்று நினைக்காதீர்கள், வோட்ஸ் எண் பெரும்பாலும் சிறியது. லைட் போனால் சேமித்துவிட்டு நிறுத்தத்தான் யூபிஎஸ், மிச்சக் கேமை முடிக்க அல்ல.

மைனிங்கில ஓடின கார்ட் எண்டா டெராஃப்ளொப்ஸ் குறையுமா?

குறையாது. எதீரியம் போன்ற டிஜிட்டல் நாணயத்தைக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கிற மைனிங் வேலையால் சிப்பில் உள்ள கோர் தேயாது. குறைவது அதைச் சுற்றி உள்ளவை: காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், ஆடுகிற ஃபேன். இவற்றால் சூடு ஏறி, மேலே சொன்னபடி கிளொக் இறங்கும். எதீரியம் மைனிங் மெமரி அலைவரிசையைத் தின்கிற வேலை என்பதால் 336 ஜிபி உள்ள சூப்பரை மைனிங்காரர் விரும்பி வாங்கினார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு அவை சந்தைக்கு வந்தன. எனவே சூப்பர் வாங்கும்போது டிஐயைவிட ஒரு மடங்கு கூடுதலாக மெமரியைச் சோதியுங்கள். அரைமணி நேரம் கேம் ஓடவிட்டு, திரையில் நிறப் புள்ளிகள் மின்னுகிறதா என்று பாருங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு சோதனை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை வீட்டில் யன்னல் ஓரம் இருந்த கார்ட் என்றால், மொனிட்டர் வயர் சொருகும் துவாரங்களையும் திருகாணிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ துருவோ பிடித்திருந்தால், எந்த அட்டவணையிலும் இல்லாத குறைவு அது.

சரி, கடைசியா எதை எடுக்கிறது?

புதிதாக வந்தபோது அமெரிக்காவில் சூப்பர் 229 டொலர், டிஐ 279 டொலர். 22 வீதம் கூடக் கொடுத்து 8 வீதம் கடதாசி வேகம். அன்றைக்கே அது நட்டக் கணக்கு. இன்றைக்கு என் அளவுகோல்: டிஐயின் விலை சூப்பரைவிட 5 வீதத்துக்குள் கூட என்றால் டிஐ, அதற்கு மேல் என்றால் சூப்பர். ஒன்று சுத்தமாகவும் மற்றது அழுக்காகவும் இருந்தால், பெயரையே பார்க்காமல் சுத்தமானதை எடுங்கள்.

ஹாஃப் பிரிசிஷன்ல சூப்பருக்கு 10 டெரா எண்டு போட்டிருக்கு. அதில ஏஐ படம் செய்யலாம்தானே? எனக்குக் கறுப்புப் படம்தான் வருது.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி, கார்ட் பழுது என்று கழற்றியே கொண்டுவந்துவிட்டார். கார்டில் பழுதில்லை. 16 பிட் அரைத் துல்லியக் கணக்கை இந்தக் குடும்பம் இரட்டிப்பு வேகத்தில் செய்யும், அதனால் 5.03 இரண்டு மடங்காகி 10 டெரா என்று வருகிறது. ஆனால் ஆர்டிஎக்ஸ் கார்ட்களில் ஏஐ கணக்குக்கென்றே உள்ள டென்சர் கோர் இதில் இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மென்பொருட்களில் 1660 குடும்பத்துக் கார்ட்கள் அரைத் துல்லியத்தில் கறுப்பாகவோ பச்சையாகவோ படம் தருவது பலரும் கண்ட கோளாறு.

மென்பொருளின் அமைப்பில் முழுத் துல்லியத்துக்கு மாற்றச் சொன்னேன், படம் வந்தது. அப்படி மாற்றினால் நீங்கள் எண்ணி வந்த 10 டெரா திரும்பவும் 5 ஆகிவிடும். ஒவ்வொரு எண்ணும் இரட்டிப்பு இடம் பிடிப்பதால் 6 ஜிபி மெமரியும் நெருக்கும். அந்தத் தம்பி இப்போது சிறிய அளவில் படம் செய்துகொண்டு, மெமரி கூடிய 3060 ஒன்றுக்குக் காசு சேர்க்கிறார்.